அப்பாவின் காரில் மறுபடி வானொலி கேட்டது

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. மறைந்தவரின் நற்குணங்களை மட்டும் எழுதுவதுதான் நினைவு மலரின் வழக்கம். நான் அப்பாவின் பிடிவாதத்தையும் சேர்த்தே எழுதப் போகிறேன். அதை அறியாத யாரும் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்க மாட்டீர்கள் என்பதால் எனக்குப் பயமில்லை.

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வயற்காட்டு ஊரில், விவசாயக் குடும்பத்தில் அப்பா பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, படிப்பை நிறுத்திவிட்டு, ஊரில் 'அண்டி ஆபீஸ்' என்று சொல்லும் முந்திரி ஆலையில் மூடை தூக்கப் போனார். அதே ஆலையில் மேலாளராகி ஓய்வு பெற்றார். தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, வளர்த்து ஆளாக்கியவரும் அப்பாதான். தான் கஞ்சி குடித்த நாளிலும் தம்பிக்குச் சோறு போட்டவர் என்று அம்மா சொல்வார். சித்தப்பா கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழில் பழகி, குழித்துறையில் பட்டறை வைத்தார்.

வேலை நிமித்தம் மண்டைக்காட்டில் குடியேறிய பிறகு அப்பா ஒரு பழைய அம்பாசிடர் கார் வாங்கினார். எங்களுக்கு அடுத்தபடியாக அவர் செல்லம் கொடுத்தது அதற்குத்தான். சில நாட்கள் எங்களுக்கு முந்தியும் கொடுத்திருக்கிறார். ரேடியோ வைக்க வேண்டும், ஆனால் ஏரியலுக்காக வண்டியில் துளை போடக் கூடாது என்றார். சித்தப்பா முன் பம்பரின் உட்பக்கம், வெளியே தெரியாதபடி ஒரு நீளக் கம்பியைப் பொருத்தி, அங்கிருந்து ரேடியோவுக்கு வயர் கொண்டு வந்தார். ஏரியலே இல்லாமல் பாடுகிறதே என்று வருகிறவர்கள் கேட்க வேண்டும், அப்பா பதில் சொல்லாமல் சிரிக்க வேண்டும். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

பிறகு ஒரு முறை சித்தப்பா அந்தக் காருக்கு முழுதாகப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். வண்டி வீட்டுக்கு வந்த சில நாட்களில் ரேடியோவில் வெறும் இரைச்சல். பெயிண்ட் அடிக்கும்போது தம்பிதான் வயரை அறுத்துவிட்டார் என்று அப்பா முடிவு கட்டினார். "நான் அறுக்கல்ல அண்ணே, பம்பரக் கழத்திப் பாப்பம்" என்று சித்தப்பா கெஞ்சினார். "அறுத்தவனுக்கு அத ஒத்துக்கிட ஒரு வாயி இல்லியா? பொய் சொல்லுகவன் என் படி ஏறாண்டாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். வயர் அவருக்குப் பெரிதல்ல. தான் வளர்த்த தம்பி தன்னிடமே பொய் சொல்கிறான் என்று நினைத்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. வேறு யாரும் பம்பரைத் தொடவும் விடவில்லை. நான் மின்னணுவியல் படித்து, பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவள். என்னையும் விடவில்லை.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நோய் முற்றி, மருத்துவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, நானும் தங்கையும்தான். எங்கள் குடும்ப வழக்கப்படி கொள்ளி வைக்க வேண்டியவர் சித்தப்பா. ஆனால் அப்பா அம்மாவிடம், "அவன் எனக்குக் கொள்ளி வைக்காண்டாம்" என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அம்மா உறங்காமல் கிடந்தார். அப்பா போவதைத் தடுக்க எங்களால் முடியாது. இந்தச் சொல்லோடு போய்விடக் கூடாதே என்று நாங்கள் வேண்டாத தெய்வமில்லை.

ஒரு நாள் காலை, காரில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்றார் அப்பா. தாங்கிப் பிடித்து முன் இருக்கையில் உட்கார வைத்தோம். ரேடியோவைத் திருகினார். இரைச்சல். நான் மெதுவாக, "அப்பா, நான் ஒருக்கா பாக்கட்டா?" என்று கேட்டேன். உடம்பு தளர்ந்ததில் பிடிவாதமும் சற்றுத் தளர்ந்திருந்தது. "என்னமும் செய்யி மக்கா" என்றார்.

ஏரியல் வயரைக் கழற்றிவிட்டு, ரேடியோவில் வேறொரு வயரைச் சொருகி, மறுமுனையைக் கொய்யாக் கிளையில் போட்டேன். திருநெல்வேலி நிலையம் தெளிவாகக் கேட்டது. ஆக, ரேடியோவில் பழுதில்லை. அடுத்து, மறைந்திருந்த கம்பியில் மீட்டரின் ஒரு முனையையும் ரேடியோ பக்கத்து வயரில் மறுமுனையையும் வைத்தேன். வயர் அறுந்திருந்தால் மீட்டர் பேசாமல் இருக்கும். அது கீச்சென்று கத்தியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் கத்தியது.

"அது என்னத்துக்குக் கத்துகு?" என்றார் அப்பா.

"வயரு அறுபடல்லப்பா. முழுசாத்தான் இருக்கு."

கொய்யாக் கிளை வயரை எடுத்துவிட்டு, பழைய வயரை ரேடியோவில் திரும்பச் சொருகினேன்; மறுபடி இரைச்சல். நான் பாய் விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். அந்த வயரைச் சுற்றி வலைபோல ஓர் உலோக உறை உண்டு. அது வண்டியின் இரும்போடு சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரைச்சல்தான் மிஞ்சும். உறையை முடுக்கியிருந்த போல்ட்டைத் தேடினால் அங்கே கன்னங்கரேலென்று ஒரு பூச்சு, இரும்புக்கும் உறைக்கும் இடையில் இறங்கிக் கெட்டியாக உறைந்திருந்தது.

"அப்பா, அடியில என்ன பூசினீங்க?"

"அண்டித் தோட்டு எண்ணெ. வள்ளத்துக்குப் பூசுகதுல்லா? பெயிண்டு அடிச்சு வந்த உடனே, கடக்காத்துல வண்டி துரு ஏறப்படாதுன்னு, ஒவ்வொரு போல்ட்டாக் கழத்திப் பூசி முடுக்கினேன்."

சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பட்டென்று விளங்கியது. "சவத்த... நான் ஆக்கும் செஞ்சது" என்றார்.

உப்புத்தாள் வைத்துத் தேய்த்து இரும்பைப் பளபளப்பாக்கி, போல்ட்டை முடுக்கினேன். வண்டிக்கு அடியில் கிடந்தபடியே கேட்டேன், பாட்டு வந்தது. வெளியே வந்து பார்த்தால் அப்பாவின் கண்கள் நிறைந்திருந்தன. "அவன் பொய் சொல்லல்ல மக்கா. எம்புள்ள பொய் சொல்லல்ல" என்றார். தம்பியை அவர் பிள்ளை என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு, "போனப் போடு" என்றார்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். சித்தப்பா எடுத்ததும் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் போனை ரேடியோவுக்கு நேராகப் பிடித்தார். பாட்டைக் கேட்டதும், "பழுது எங்கண இருந்துச்சு அண்ணே?" என்றார் சித்தப்பா.

"எனக்க புத்தியிலதாம்லே. நீ புறப்பட்டு வா."

மத்தியானச் சோற்றுக்கு சித்தப்பா வந்துவிட்டார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டியா, எனக்குக் கொள்ளி நீ தான் வைக்கணும்" என்றார். "வந்த உடனே பேசுக பேச்சப் பாரு. மொதல்ல சோறு போடச் சொல்லுங்க" என்றார் சித்தப்பா. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அதன்பின் அப்பா இருந்த நாளெல்லாம், மாலையில் சித்தப்பா காரை ஓட்ட, அண்ணனும் தம்பியும் பாட்டுக் கேட்டபடி கடற்கரைவரை போய் வந்தார்கள். அப்பா உறக்கத்திலேயே அமைதியாகப் போனார்.

அப்பாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பதினாறு வரை எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், அப்பாவைத் தோள் கொடுத்துச் சுமந்த ஆலைத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தப்பாவுக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார்.

அப்பாவை எடுத்த அன்று அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சுவரில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுடுகாட்டுக் காரியம் முடித்து, குளத்தில் முங்கி, ஈர வேட்டியோடு சித்தப்பா வந்தார். அம்மாவின் முன்னால் நின்று, "மைனி, அண்ணனுக்குக் கொள்ளி நானே வச்சிட்டேன்" என்றார். அப்போதுதான் அம்மா அழுதார்.