சீனி போடாத தேநீர்

கந்தசஷ்டி விரதமிருந்த என் கணவர் முற்பகலில் திடீரென வியர்த்துப்போய், என்னைப் பார்த்தே "நீர் ஆர்?" என்று கேட்டார். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக ஓட்டோவைக் கூப்பிட்டுவிட்டுத் தலையணை, போர்வையெல்லாம் தேடி எடுத்தேன். அவருக்கு நீரிழிவாயிற்றே என்று சுடுதண்ணிப் போத்தலில் சீனி போடாத தேநீரும் நிரப்பினேன்.

"சாப்பிட்டவரோ?" என்றார் டொக்டர்.

"இல்லை, விரதம். நீரிழிவுக் குளிசை மட்டும் ஒழுங்காப் போட்டவர்."

"அதுதான் சீனி இறங்கிப்போச்சு. உடனை சீனித்தண்ணி குடுத்திருக்கலாமே, அம்மா!"

குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்ததும் அவர் என் தேநீரை வாயில் வைத்து, "சீனி போடேல்லையோ?" என்று முகத்தைச் சுளித்தார்.

இப்போது குளிசைக்குப் பக்கத்திலேயே சீனிப் போத்தலும் இருக்கிறது. விரதம் என்றால் முதலில் டொக்டரிடம் கேட்கிறோம். பிறகுதான் முருகனிடம் போகிறோம்.