பச்சைப் புள்ளி

நாகர்கோவிலில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் நடத்தத் தொடங்கிய காலத்தில் திரை கறுப்பாக இருந்தது. ஓரத்தில் ஒரு கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும். கட்டளையைத் தட்டினால் பதில் வரும். தப்பாகத் தட்டினால் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லும். கேட்காத எதையும் சொல்லாது. அந்த இயந்திரத்தை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு மவுஸ் வந்தது, படங்கள் வந்தன. பூதப்பாண்டியிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் மளமளவென்று படித்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் உறுத்தல். ஒன்றை அழிக்கச் சொன்னால், அழித்ததுபோலக் காட்டிவிட்டு, குப்பைத்தொட்டிப் படத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டது. சிரித்துப் பேசுகிற கடைக்காரர் என்றால் தராசை இரண்டாம் முறை பார்க்கிறவள் நான். இதை மட்டும் எப்படி நம்புவேன்?

அப்புறம் தொடுதிரை. என் கணவர் கல்யாணமான புதிதிலேயே வளைகுடாவுக்குப் போன ஏசி மெக்கானிக். எங்கள் குடும்பம் பெரும்பாலும் போனில்தான் நடந்தது. அந்தப் போன் கேட்காமலே கோள் சொல்லத் தொடங்கியது. அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் இப்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று வரும், எழுதியது வராது. என்ன எழுதினார், ஏன் அழித்தார்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

போன மழைக்காலத்தில், வேலை நேரத்திலும் அந்தப் புள்ளி எரியத் தொடங்கியது. சில நாளில் ஒரேயடியாகக் காணாமல் போயிற்று.

“உங்க பச்சைப் புள்ளி எங்க போச்சு?” என்று கேட்டேன்.

“எனக்கென்னட்டி தெரியும்? அப்டேட் வந்துது, அதுல போயிருக்கும்.”

அப்டேட்டில் அது போகாது. செட்டிங்ஸுக்குள் உள்ளே உள்ளே போய் நாமாகத்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மற்றவர்களின் புள்ளியும் நமக்குத் தெரியாது. எங்கள் சர்ச் சபைப் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மெசேஜ் படிக்கவே கண்ணாடி தேடுகிற மனிதர் அவ்வளவு தூரம் போய், என் புள்ளியே தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று எதை மறைக்கிறார்? வேறொருத்தி. வேறென்ன இருக்க முடியும்? இத்தனை வருஷக் குடித்தனமும் கையை விட்டுப் போகிறது என்றே நினைத்தேன்.

அடுத்த வீடியோ காலில் சந்தேகம் முற்றிவிட்டது. அவர் முகம் மட்டும் தெளிவாக இருந்தது, பின்னால் எல்லாம் மங்கல். அப்படி மறைக்கவும் இப்போது ஒரு பட்டன் உண்டு.

“ரூமுல யாரு?”

“கூட இருக்க பயலுவ உறங்குகானுவ. அவனுவளுக்கு நைட் ஷிப்டு.”

“அந்த மங்கல எடுங்க.”

“எடுக்கத் தெரியாதுட்டி.”

“போடத் தெரிஞ்சுதுல்லா?”

வகுப்பில் சொல்வதுபோல எங்கே தொட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். பிறகு தொட்டார்.

யாரும் இல்லை. ஜன்னலில் பட்டப்பகல் வெயில். விரிப்பு எடுத்த கட்டில், அதன் மேல் கயிறு கட்டிய பெட்டி. ஆணியில் அவருடைய வேலைச் சட்டை, இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாமல் தொங்கியது.

“ஆளக் குறைச்சிட்டானுவ மக்கா. பகல் முழுக்க ரூமுலதான் இருக்கேன். புள்ளி எரிஞ்சா நீ கண்டுபிடிச்சிருவல்லா, கம்ப்யூட்டர் டீச்சர்லா.”

முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அடுத்த மூச்சிலேயே அந்த நிம்மதியின் மேல் ஆத்திரம் வந்தது. வேலை போன மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், எனக்கு என்ன நிம்மதி வேண்டிக்கிடக்கிறது? “வந்துருங்க” என்றேன்.

வந்துவிட்டார். புள்ளியையும் அவரே திரும்பப் போட்டுவிட்டார். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து சாயா குடிக்கிறோம். புதிதாகக் கல்யாணமானவர்கள்போலக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கிறது.

நேற்று அடுக்களையில் நின்று போனைப் பார்த்தேன். முன்னறையில் இருக்கிறவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. எனக்கு மெசேஜ் ஒன்றும் வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இந்தத் தடவை புள்ளியை நம்பி எதையும் கற்பனை செய்யக் கூடாது என்று அடுப்பை அணைத்துவிட்டு நேரே போய்க் கேட்டேன்.

“யாருக்கு எழுதுகிய?”

அவர் மறைக்கவில்லை. போனை என் பக்கம் திருப்பியே காட்டினார்.

“பழைய சூப்பர்வைசருக்கு. அங்க ஒரு வேலை இருக்காம். அடுத்த மாசமே பிளைட் ஏறணும்.”

கேட்டால் பதில் சொல்லும் கறுப்புத் திரை போதும் என்றுதான் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று கேட்காமல் இருந்திருக்கலாம்.