பாயடியில் வேப்பிலை

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அம்மை. வாசல் நிலையில் செருகியிருந்த வேப்பிலையின் கசப்பு வாடை மூக்கில் ஏறியதும், அம்பிட்டியவில் சின்ன வயதில் இருந்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

நாங்கள் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம். ஆனாலும் தங்கை ரீட்டாவுக்கு அம்மை போட்டபோது, மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த அம்மா மாதா படத்தின் பின்னாலும் பாயடியிலும் வேப்பிலையை ஒளித்து வைத்தாள். அப்பா காணாததுபோல் இருந்தார். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாயிற்று. அதன் பிறகு காய்ச்சல் திரும்பியது. மூச்சு எடுக்கும்போதெல்லாம் விலா உள்ளே இழுத்தது.

"டாக்டரக் கூப்பிடுங்க," என்று அம்மா அழுதாள்.

"அவரு நம்ம கோயில் ஆளு. இந்த எலையப் பாத்தா மானம் போயிரும்," என்று அப்பா தள்ளிப்போட்டார்.

கடைசியில் டாக்டர் வந்தபோது, இலைகளைப் பொறுக்கி முடிக்கும்வரை அவரை வாசலில் நிற்க வைத்தோம்.

"அம்மை எப்பவோ இறங்கிட்டுது. இது அதுக்குப் பிறகு நெஞ்சிலை பிடிச்ச சளிக்காய்ச்சல். ஏன் முந்தியே சொல்லேல்லை?" என்று கேட்டார் அந்த யாழ்ப்பாணத்துக்காரர். ரீட்டாவின் தலைமுடியில் ஒட்டியிருந்த ஓர் இலையை எடுத்து அப்பாவின் வலது உள்ளங்கையில் வைத்தார். அப்பா கையை மூடிக்கொண்டார்.

ரீட்டாவின் புதைகுழியில் அப்பா இடக்கையால்தான் மண் போட்டார்.

இந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் எங்கள் கோயில்காரிதான். என்னைக் கண்டதும் பதறிப்போய் இலையைப் பிடுங்கப் போனாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் தாயி," என்றேன். "புள்ளைக்கு மூச்சு வாங்குதா, அத மொதல்ல சொல்லு."