லூர்து அத்தைக்கு ஓர் அட்டை வீடு

நேற்று மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கி வந்தோம். பெட்டியைத் திறந்ததும் புது ரெக்சினும் பசையுமாக ஒரு வாசனை அடித்தது பாருங்கள், அவ்வளவுதான். பீரோ மேல் இருக்கும் அட்டை வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, கட்டவெரல் இடிக்குது" என்று மகள் கத்தியதுகூடக் காதில் ஏறவில்லை.

அந்த வீட்டைச் செய்தது நான்தான். அப்போது எனக்கு ராயபுரத்தில் ஒரு செருப்புக் கடையில் பில் போடுகிற வேலை. காலிப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளலாம். கைவேலையில் நான் ஒன்றும் புலி இல்லை, நான் கட்டிய கிறிஸ்துமஸ் ஸ்டாரைப் பார்த்து "இன்னாது, நண்டா?" என்று கேட்டவர்கள் எங்கள் தெருவில் உண்டு. ஆனாலும் அந்த வருடம் லூர்து அத்தைக்கு என் கையால் ஏதாவது செய்து கொடுத்தே தீருவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

லூர்து அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடும்பக் கதை என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். யாருக்கு யார் ஞானத் தகப்பன், எந்தக் கல்யாணத்தில் யார் முறுக்கிக்கொண்டு சாப்பிடாமல் போனார், எல்லாம் நுனி நாக்கில். கோயில் வாசலில் யாராவது மாட்டினால் "உங்க தாத்தா யாரு, தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். அவர்கள் கூடையில் இருக்கும் மீன் நாறுகிறவரை விடமாட்டாள்.

ஒரே ஒருவரை மட்டும் அவள் 'இருந்தான்' என்று சொல்லமாட்டாள். அப்பாவுக்கும் அவளுக்கும் தம்பி, சேவியர் சித்தப்பா. நான் பிறப்பதற்கு முன்பே காசிமேட்டிலிருந்து லாஞ்சில் மீன்பிடிக்கப் போனவர். லாஞ்சு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள். இவர் ஒதுங்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைகளை வெள்ளையடித்து, பூப்போட்டு, ஒவ்வொருவர் பேரையும் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுவோம் இல்லையா? "சேவிக்கும் ஒண்ணு ஏத்திடலாம், லூர்து" என்று அப்பா ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"செத்தவங்களுக்கு ஏத்துண்ணா. வர வேண்டியவனுக்கு இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டு அத்தை விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

கடலைப் பார்த்த எங்கள் பழைய வீட்டில் வாசல் கதவைச் சாத்த அவள் விட்டதே இல்லை. நாய் புகுந்து மீன் குழம்பை உருட்டினாலும் சரி. "சாத்திகீற கதவ அவன் தட்டமாட்டான்டி. ரோஷக்காரன். அப்டியே திரும்பிப் பூடுவான்" என்பாள். அப்புறம் கடல் அந்த வீட்டையே கொண்டுபோய்விட்டது. மழைக்காலத்துக்கு மழைக்காலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, கடைசியில் சாமி படங்கள், போட்டோக்களோடு முன்கட்டையும் இழுத்துக்கொண்டது. காலடிப்பேட்டையில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். கிளம்பும்போது அத்தை முக்குக் கடை டீ மாஸ்டரிடம், "சேவி வந்தான்னா காலடிப்பேட்டன்னு சொல்லு நைனா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த மழையில் அந்த டீக்கடையும் போயிற்று. அதை அவளிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அந்தப் பழைய வீட்டைத்தான் ஷூப் பெட்டி அட்டையில் செய்தேன். ஓடு, ஜன்னல், கோழிக்கூடு எல்லாம் ஒருவழியாக வந்துவிட்டன. கதவுதான் பேஜார் பண்ணியது. ஈரக்காற்றில் அட்டை வளைந்து வளைந்து தொங்கியது. கடுப்பாகிப்போய் பசையைத் தடவி, அழுத்தி ஒட்டிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்ததும் கொடுத்தேன். அத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஜன்னலு பச்ச இல்லடி, நீலம். கோழிக்கூடு இந்தாண்ட" என்று குறை சொன்னாலும் முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் அவள் விரல் கதவில் வந்து நின்றது. தள்ளிப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று.

"இத ஏன்டி சாத்தின?"

அத்தை கேக் வெட்ட வைத்திருந்த கத்தியை எடுத்துப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தாள். கதவு பிய்ந்துவிடுமோ என்று நான் பதறினேன். பிய்யவில்லை, திறந்துகொண்டது. வீட்டைக் கொண்டுபோய் அலமாரி மேல், வாசல் கடல் இருக்கும் பக்கம் பார்க்கும்படி வைத்தாள்.

"இப்பதான் நம்ம வூடு மாரி கீது" என்றவள், யாருக்கோ வழி விடுகிறவள்போல ஒதுங்கி நின்றாள். பக்கத்தில் நின்ற அப்பாவும் ஒதுங்கினார்.

இப்போது அப்பா இல்லை, அத்தையும் இல்லை. எங்கள் தெரு இருந்த இடத்தில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் போகின்றன. அட்டை வீட்டில் கரப்பான்பூச்சிகள் குடும்பம் நடத்துகின்றன. நேற்று நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, "கதவ ஒட்டிட்டா பூச்சி உள்ள போவாதும்மா" என்று மகள் பசையை எடுத்து வந்தாள். "ஒட்டாதே! தொறந்தே இருக்கட்டும்!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை மிரண்டுபோனாள்.

"ஏம்மா, யாரு வரப்போறாங்க?"

"சேவியர் தாத்தா" என்றேன்.

"எப்டி இருப்பாரு?"

எனக்குத் தெரியவில்லை. உயரமா குட்டையா, அதுகூடத் தெரியாது. இருந்த ஒரே போட்டோவும் வீட்டோடு போய்விட்டது. கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். அவர் வந்து நின்றாலும், 'டேய் சேவி' என்று அடையாளம் கண்டு கூப்பிட இனி இங்கே ஒருவரும் இல்லை.