ஜன்னல் சாத்திய சனிக்கிழமை

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, அம்மா டாக்டரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "இனிமே இவரு ஃபுட்பால் பாக்கலாமா?"

உப்பு, எண்ணெய், நடைப்பயிற்சி, மாத்திரை என்று டாக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. சிங்கப்பூர்த் தமிழர். சிரித்துக்கொண்டே, "எந்த டீம் ஆன்ட்டி?" என்றார். அம்மா சொன்னாள்.

"ஐயோ, அந்த டீமா? அப்போ வேண்டாம் லா."

நான் சிரித்தேன். அப்பாகூடச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. விளையாட்டாகச் சொன்ன அந்த ஒரு பேச்சு அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது.

அணியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் தெரிந்தவர்கள் அந்த டாக்டரைப் போலத்தான் சிரிப்பார்கள். இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊர். எங்கள் வீட்டில் யாரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது சமூக நிலையத்தில் ஒரு கறுப்பு வெள்ளை டிவியில் இறுதியாட்டம் காட்டினார்களாம். கூட்டம் முழுக்க ஒரு பக்கம் கைதட்ட, இவர் மட்டும் தோற்றுக்கொண்டிருந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது பிடித்ததுதான். கல்யாணம், வேலை, வீடு எதுவும் அதை விடுவிக்கவில்லை. எனக்கு அண்ணன் தம்பி இல்லாததால் அது நேராக என்னிடம் வந்து சேர்ந்தது. மற்ற பெண்பிள்ளைகள் நகைக்காகச் சண்டை போட்ட வயதில் நான் அந்த அணியின் ஜெர்சிக்காக அழுதிருக்கிறேன்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் எங்கள் அணி ஒரு ஆட்டம் ஜெயித்தது. அதற்குப் பிறகு ஜெயிக்கவே இல்லை. முதலில் தோற்றபோது நடுவரைத் திட்டினோம். பிறகு பயிற்றுநரைத் திட்டினோம். அவரை மாற்றினார்கள். புதியவரையும் திட்டினோம். அதற்கப்புறம் திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் போனது. பட்டியலின் கடைசி மூன்று இடங்களில் நிற்கும் அணிகள் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். நாங்கள் வாராவாரம் அந்த இடத்தை நோக்கி வழுக்கிக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா பாசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்த அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு முந்தைய நாள் மாலையும் எங்கள் அணி தோற்றிருந்தது. அம்மாவுக்கு அதற்குமேல் எந்த மருத்துவ விளக்கமும் தேவைப்படவில்லை.

எங்கள் வீடு பஃபலோ சாலையில், தேக்கா பாசாருக்கு மேலேயே இருக்கும் அடுக்குமாடி புளோக்கில். அப்பா ஆட்டம் பார்ப்பது எப்போதும் கீழே பெரிய திரை மாட்டியிருக்கும் காப்பிக்கடையில்தான். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே கூட்டம் அங்கே கூடியதுதான். பாசாரில் மீன் விற்கும் ஒரு சீனர், இன்னும் நாலைந்து பேர், எல்லாரும் எங்கள் அணிக்காரர்கள். மருத்துவமனையிலிருந்து வந்தபின் அப்பாவுக்குக் காப்பிக்கடை கிடையாது. வீட்டில் விளையாட்டு சேனலையும் அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டாள். அவருடைய பழைய கைப்பேசியில் பேச மட்டும்தான் முடியும், இணையம் கிடையாது.

நான் சொல்லக்கூடாது என்றும் உத்தரவு. இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் நான் அறையிலிருந்து வெளியே வரும்போது அப்பா எதுவும் கேட்கமாட்டார். தோசையைப் பிட்டுக்கொண்டே என் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். நான் எவ்வளவுதான் சாதாரணமாக முகத்தை வைத்துக்கொண்டாலும், "ம்" என்று தலையாட்டிவிட்டு சட்னியை இழுத்துக்கொள்வார். தோற்றதைச் சொல்லாமல் இருக்கலாம். தோற்ற முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்தே ஆகவேண்டும். சமன் செய்தால்கூடப் போதாது, கீழ்ப்பிரிவுதான். எதிரணியோ பெரிய அணி. சிங்கப்பூரில் எந்தக் காப்பிக்கடைக்குப் போனாலும் பாதிப் பேர் அந்த அணிக்காரர்களாகத்தான் இருப்பார்கள். இங்கே மாலை ஏழரைக்கு ஆட்டம் தொடங்கும். அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் நான் செய்த வேலை எதுவும் மனதில் பதியவில்லை. வெள்ளிக்கிழமை ஒரே மின்னஞ்சலை ஒரே ஆளுக்கு இரண்டு முறை அனுப்பினேன். வீட்டில் அப்பா நகம் கடிக்கத் தொடங்கியிருந்தார். ஆட்டம் எப்போது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அட்டவணை வந்த நாளிலேயே மனப்பாடம் செய்துகொள்கிற மனிதர் அவர்.

அம்மாவுக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. சாயங்காலமே சமையலை முடித்துவிட்டு, "கோயிலுக்குப் போய்ட்டு வரலாமா?" என்றாள்.

"மழை வர மாதிரி இருக்கு," என்றார் அப்பா. வானம் பளிச்சென்றிருந்தது.

அம்மா வற்புறுத்தவில்லை. எழுந்து போய் ஹாலின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

"ஏன் சாத்துற? வேகுது."

"கொசு வருதுங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "ஒன் போனைக் குடு, சார்ஜ் போடறேன்," என்றாள். போனில் சார்ஜ் நிறையவே இருந்தது. கொடுத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

டிவியில் சிறுவர்களின் பாட்டுப் போட்டி ஓடியது. மூவரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். தலைக்கு மேல் மின்விசிறி சூடான காற்றையே திருப்பித் திருப்பித் தள்ளியது. எழுந்து போக வழியில்லை. போனால் எதற்கு என்று அம்மா கேட்பாள். கடிகாரத்தைப் பார்க்கவும் வழியில்லை. பார்த்தால் அப்பா பார்ப்பார். ஒரு சிறுமி பாடி முடித்ததும் அம்மா, "நல்லாப் பாடுதுல்ல?" என்றாள். "ரொம்ப நல்லா," என்று அப்பாவும் நானும் சேர்ந்தாற்போலச் சொன்னோம்.

சாத்திய ஜன்னலையும் தாண்டி அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நாற்காலிகள் நகரும் சத்தமும், ஒரு கூட்டமே எழுந்து கத்தும் சத்தமும்.

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார். "நமக்கில்ல."

"என்னது?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல."

எனக்குப் புரிந்தது. எங்கள் அணிக்காகக் கத்த அந்தக் காப்பிக்கடையில் ஐந்தாறு பேர்தான் உண்டு. அவ்வளவு பெரிய சத்தம் எங்களுடையதாக இருக்க முடியாது. பக்கத்தில் அப்பா முட்டியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு சத்தம் கிளம்பி, பாதியில் அறுந்தது. ஆஃப்சைடா? கோல்கீப்பர் பிடித்துவிட்டாரா? அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் தெரியாது. அவர் எழுந்து, "தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று சமையலறைக்குப் போனார்.

வெகுநேரம் ஆகியும் திரும்பவில்லை. பயந்துபோய் எழுந்து போனேன். அப்பா விளக்கைப் போடாமல், அங்கே சாத்தாமல் விட்டிருந்த சின்ன ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே காப்பிக்கடையின் கூரை மட்டும்தான் தெரியும். திரை தெரியாது. ஆட்கள் தெரியமாட்டார்கள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அப்பா, வலிக்குதா?"

"இல்ல."

"வேர்த்திருக்கு."

"பாத்துக்கிட்டு இருந்தா ஒண்ணும் தெரியாதும்மா," என்றார். "பந்து எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். ஒரு நேரம் அந்தப் பக்கம் போகும், ஒரு நேரம் இந்தப் பக்கம் வரும். பாக்காம இருந்தா பந்து எப்பப் பாத்தாலும் நம்ம கோல் வாசல்லயே நிக்குது. நகரவே மாட்டேங்குது."

எனக்கும் பந்து அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

திரும்பினால் அம்மா பின்னால் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. விளக்கைப் போட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவரை அழைத்துப்போய் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துவந்து கையில் சுற்றினாள். அது உப்பி, முனகி, அடங்கியது. எண்ணைப் பார்த்தாள். மறுபடி சுற்றினாள். மறுபடி பார்த்தாள்.

"ஆட்டம் பாக்காமலே இவ்வளவு ஏறுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆட்டம் நடக்குதுல்லம்மா," என்றேன்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடணுமா?"

"அதெல்லாம் வேணாம்," என்றார் அப்பா. "வலி இல்ல. மூச்சு நல்லா இருக்கு. கோவப்படாத."

அம்மா கருவியை அப்பாவின் கையிலிருந்து கழற்றினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. கருவியைச் சுருட்டித் தன் கைப்பையில் வைத்தாள்.

"வேற சட்டை போட்டுக்குங்க. கீழ போவோம்."

"எங்க?"

"எங்கன்னா? எங்க போவீங்களோ அங்கதான்."

மூவரும் லிஃப்டில் இறங்கினோம். பாதி வழியில் அம்மா கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு பாசார்ல நீங்க உக்காந்தப்ப நான் மட்டும்தான் பக்கத்துல இருந்தேன். கத்தக்கூட வாய் வரல." அப்பா அவள் கைப்பையைத் தான் வாங்கிக்கொண்டார். அவரால் செய்ய முடிந்தது அது.

காப்பிக்கடையில் இடைவேளை. எதிரணி ஒரு கோல், எங்களுக்குப் பூஜ்யம். மீன்காரர்தான் முதலில் பார்த்தார். "லாமா தா நம்பா!" என்று எழுந்தார். ரொம்ப நாளாகக் காணோமே என்று மலாயில் கேட்கிறார். பிறகு அம்மாவைப் பார்த்து, உட்கார்ந்திருந்த நாற்காலியை அவசரமாகத் துடைத்துக் கொடுத்தார். நாற்பது வருஷத்தில் அம்மா அங்கே ஆட்டம் பார்க்க உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அப்பாவுக்குச் சீனியும் பாலும் இல்லாத தேநீர் சொல்லிவிட்டு, திரைக்கு முதுகு காட்டியபடி அவர் முகத்தைப் பார்க்க வசதியாக உட்கார்ந்தாள்.

இரண்டாம் பாதி தொடங்கியது. பந்து கண்ணுக்குத் தெரிந்தது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோற்றுக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் எங்கே, எப்படித் தோற்கிறோம் என்று தெரிந்தது. அப்பா வழக்கம்போல முணுமுணுக்க ஆரம்பித்தார். "வலது பக்கம் ஆளே இல்ல பாரு. அவனுக்குப் போடுடா." நகத்தைக் கடிக்கவில்லை.

பிறகு ஒரு மூலை உதை, ஒரு நெரிசல், யார் காலிலோ பட்டுப் பந்து உள்ளே போனது. எங்கள் ஐந்தாறு பேரும் கத்தியது அந்தப் பெரிய கூடத்தில் சிறுபிள்ளைகள் கத்தியதுபோல இருந்தது. அம்மா திடுக்கிட்டு அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நம்ம கோல்மா," என்றேன். அவள் முதன்முறையாகத் திரையைப் பார்க்கத் திரும்பினாள். அதற்கப்புறம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இன்னும் ஒண்ணு போட்டா போதுமா?"

"போதும்."

"நேரம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படிக் கடந்தோம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு முறை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மீன்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் குந்திவிட்டார். அம்மா என்னிடம், "இதையா நீங்க வாராவாரம் பாக்குறீங்க? பைத்தியமா?" என்று கேட்டாள். ஆனால் கண் திரையில்தான் இருந்தது. நடுவர் விசிலை ஊதியபோது ஒன்றுக்கு ஒன்று. சமன். கீழ்ப்பிரிவு.

எதிரணிக்காரர்கள் கூச்சல் போடவில்லை. ஒருவர் எங்கள் மேசையைத் தாண்டிப் போகும்போது அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். துக்க வீட்டில் தட்டுவதுபோல இருந்தது. திரையில் எங்கள் கோல்கீப்பர் புல்லில் முகம் புதைத்துக் கிடந்தார். அப்பா ஆறிப்போன தேநீரைக் கடைசிவரை குடித்தார்.

அம்மா காலிக் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே அவர் கையில் கருவியைச் சுற்றினாள். மேசையைச் சுற்றி எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எண் நன்றாகக் குறைந்திருந்தது. "ஓகே ஆ?" என்று மீன்காரர் கேட்டார். அம்மா தலையாட்டினாள். உடனே அவர் தன் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, தனக்கும் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினார். அவருடையது எங்கள் எல்லோரையும் பயமுறுத்தும்படி இருந்தது. திங்கட்கிழமையே டாக்டரிடம் போகவேண்டும் என்று அம்மா மலாயில் அவரை வெளுத்து வாங்கினாள். அவரும் போய், இப்போது மாத்திரை சாப்பிடுகிறார்.

கீழ்ப்பிரிவு ஆட்டங்களை எங்கள் காப்பிக்கடையில் போடுவதில்லை. நான் இணையத்தில் தேடி எடுத்துக் கொடுக்கிறேன். ஹாலில் அப்பாவும், மீன்காரரும், நானும் உட்கார்ந்து பார்க்கிறோம். அம்மா சமையலறையிலிருந்து, "என்ன, தோத்தாச்சா?" என்று கேட்பாள். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் அணி இன்னும் மேலே வரவில்லை.