அம்மா குத்திய ஊக்கு

அம்மாவின் கண்ணாடி வளையல்களில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் தொங்கும். லேபர் கேம்ப் குடிசைப் பகுதியில் எங்கள் ஒற்றை அறைக் குடித்தனம் பாதி அவற்றால்தான் ஓடியது. செருப்பு வார் அறுந்தாலும் காஸ் பர்னர் அடைத்துக்கொண்டாலும் அம்மாவின் விரல் தானாக வளையலைத் தடவும். பட்டறையில் அப்பா விரலில் ஏறிய மரச்சிலாம்பை எடுத்ததும், பழைய போனிலிருந்து சிம்மை வெளியே தள்ளியதும் ஊக்குதான். என் பள்ளிக்கூடப் பாவாடைக்கும் கொக்கி கிடையாது, ஊக்குதான். அந்த அவமானத்தில் அவற்றின்மேல் எனக்குக் கோபம் இருந்தது.

பெரியம்மா டோம்பிவிலியில் புது ஃபிளாட் வாங்கியபோது எனக்கு எட்டு வயது. எங்கள் சொந்தத்தில் பெரியப்பாதான் வசதியானவர். அப்பாவுக்குப் பட்டறை வேலை வாங்கிக் கொடுத்ததும் அவரே. அதனால் அவர் முன்னால் அப்பா நாற்காலியில் முழுதாக உட்காரக்கூட மாட்டார்.

புது வீட்டு ஜெபம் முடிந்ததும், பிரியாணிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஃபோட்டோ எடுக்கக் கூடினோம். அம்மா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள், பெரியப்பா அவளுக்குப் பின்னால் நின்றார். அந்த வருஷம்தான் பெரியம்மாவுக்கு மருமகளாக வந்த அண்ணி, அடுப்பில் வேலை இருக்கிறதென்று வர மறுத்துவிட்டாள். பெரியம்மா மகன் போனைத் தூக்கி எல்லாரையும் சிரிக்கச் சொன்னான். அந்த நேரம் பார்த்து பெரியப்பா “ஆ!” என்று அலறிக் கையை உதறினார். சொன்னபடி சிரித்தது நான் மட்டும்தான்.

“என்னாச்சுங்க?” என்றாள் பெரியம்மா.

“ஒண்ணுமில்ல, ஏதோ குத்திட்டு.”

அம்மா எழுந்து நின்றாள். அவள் கையில் ஊக்கு விரிந்திருந்தது. “ஏதோ இல்ல. நாந்தான் குத்தினேன்.”

“தெரியாம பட்டிருக்கும்,” என்று பெரியம்மா அவசரமாகச் சொன்னாள்.

“தெரிஞ்சுதாங்க்கா குத்தினேன்.”

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. “ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அத்தான்ட்ட மன்னிப்புக் கேளு.”

“கேக்கேன். நான் ஏன் குத்தினேன்னு அத்தான் முதல்ல சொல்லட்டும்.”

பெரியப்பா விரலை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அத்தனை பேர் இருந்த அறையில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. “நல்ல நாளும் அதுவுமா என் வீட்டுல வந்து ஆடாத,” என்றாள் பெரியம்மா, தன் கூடப்பிறந்தவளைப் பார்த்து.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அப்பா வரவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அந்தப் பிரியாணி அவர் தொண்டையில் எப்படி இறங்கியது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அன்றைக்கோ, அவருக்காவது கிடைத்ததே என்ற பொறாமைதான் இருந்தது.

லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கினோம். “பெரியப்பா பாவம். நீதான் கெட்டவ,” என்று நான் ஒவ்வொரு மாடியிலும் கத்தினேன். அம்மா திட்டாமல், என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கேட்டைத் தாண்டும்போது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். அண்ணி. பிரியாணிப் பொட்டலம் கொண்டுவந்திருப்பாள் என்று ஆசையாகப் பார்த்தேன். வெறுங்கை.

அவள் மூச்சு வாங்க அம்மா முன்னால் நின்றாள். “அத்தை, ரெண்டு ஊக்கு தாரீங்களா?”

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வளையலில் கிடந்த அத்தனையையும் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பால்கனியும் லிஃப்ட்டுமாக அவ்வளவு பெரிய வீடு, அதில் ஒரு ஊக்குக்கா பஞ்சம்? எங்களுடையதையும் பிடுங்கிக்கொள்ள ஓடிவந்திருக்கிறாளே என்று, திரும்பிப் படியேறிப் போனவளை முறைத்துக்கொண்டே நின்றேன்.