பெரணி இலையில் ரத்தம்

பாபகூரா என்ற ஊருக்குத் தெற்கே மாலினி நடத்தும் பண்ணையில் மான் சுட, அலுவலக நண்பர்களோடு போயிருந்தேன். யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இளையவர். அவருக்கு ஒரே நிபந்தனை: சுட்டால், பட்டதா இல்லையா என்று உண்மையைச் சொல்ல வேண்டும்.

நான் சுட்ட மான் தடுமாறிப் புதருக்குள் ஓடியது. சரிவில் இறங்கித் தேடச் சோம்பலாக இருந்தது.

"படலைங்க," என்றேன்.

மாலினி மான் நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்தார். பெரணி இலையில் ரத்தம். மூன்று மணி நேரம் அந்தத் தடத்தைத் தொடர்ந்துபோய், துடித்துக் கிடந்த மானின் வேதனையை ஒரே குண்டில் முடித்தார்.

"குறி தப்பிறது எல்லாருக்கும் நடக்கும் அண்ணா. படேல்லை எண்டு ஏன் சொன்னீங்கள்?"

நான் மானைச் சுமந்துகொண்டு சரிவேறினேன். மேலே வந்ததும் மாலினி சொன்னார்:

"அடுத்த வருசமும் வாங்கோ. துவக்கைக் கொண்டு வராதேங்கோ."

துப்பாக்கி இல்லாமல் போனேன். இப்போது யாராவது "படல" என்று சொன்னால், மாலினியோடு போய்ப் பெரணி இலைகளைப் புரட்டிப் பார்ப்பது நான்தான்.